மருமகள் கையிலிருந்து காப்பீட்டுக்கு: ஜப்பானில் முதியோர் பராமரிப்பு எப்படி நடக்கிறது?

ஜப்பானின் சிற்றூர்கள் சிலவற்றில் ஒரு காலத்தில் 'முன்மாதிரி மருமகள்' என்று ஒரு விருது கொடுப்பார்கள். படுத்த படுக்கையாகிவிட்ட மாமனாரையோ மாமியாரையோ வருடக்கணக்கில் முகம் சுளிக்காமல் கவனித்த பெண்ணை மேடைக்கு அழைத்து, பாராட்டுப் பத்திரம் கொடுத்து, கைதட்டி அனுப்பிவைப்பார்கள். வாங்கியவர் வீட்டுக்குப் போய் மறுபடியும் அதே மலச்சட்டியை எடுக்க வேண்டும். பெற்ற மகன் அந்த நேரம் ஆபீஸில் இருப்பார். ஹிகுச்சி கெய்கோ போன்ற பெண்ணுரிமையாளர்கள் இந்த விருதே ஒரு அவமானம் என்று பல வருடம் சண்டை போட்டார்கள்.

இரண்டு எண்களைப் பார்த்தால் அதன் பிறகு என்ன நடந்தது என்பது புரியும். 2001-இல் ஜப்பான் அரசு எடுத்த கணக்குப்படி, பராமரிப்பு தேவைப்படும் முதியவரை முக்கியமாகக் கவனித்துக்கொள்பவர்களில் 22.5 சதவீதம் பேர் கூடவே வசிக்கும் 'பிள்ளையின் துணை', அதாவது பெரும்பாலும் மருமகள். 2022-இல் அது 5.4 சதவீதம். இருபது வருடத்தில் ஒரு சமூகத்தின் குடும்ப வழக்கம் இவ்வளவு மாறுவது அபூர்வம். கூட்டுக் குடும்பம் சுருங்கியது ஒரு காரணம். இன்னொரு காரணம், 2000 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த 'கைகோ ஹோகென்' என்கிற நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு.

ஜப்பானின் முதியோர் பராமரிப்பு என்றதும் வெளியில் எல்லோரும் ரோபோவைப் பற்றியும், பளபளக்கும் இல்லங்களைப் பற்றியும் பேசுவார்கள். விஷயத்தின் மையம் அதுவல்ல. வயதான காலத்தில் கவனிப்பு என்பதைக் குடும்பத்தின் தயவிலிருந்தும் அரசின் தயவிலிருந்தும் பிரித்து, பிரீமியம் கட்டியவருக்கு உரிமை என்று எழுதிவைத்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். அந்த உரிமை இன்றும் சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை நிறைவேற்ற வேண்டிய கைகள்தான் இல்லை. இன்றைய ஜப்பானின் சிக்கல் மொத்தமும் இந்த இடைவெளியில்தான் கிடக்கிறது.

ஆஸ்பத்திரியே வீடாகிப்போன காலம்

1963-இல் முதியோர் நலச் சட்டம் வந்தது. 'தொகுயோ' என்று இன்றும் மக்கள் சுருக்கிச் சொல்லும் பொதுநல முதியோர் இல்லங்கள் அந்தச் சட்டத்தில் பிறந்தவை. ஆனால் அன்று அங்கே இடம் கிடைப்பது நகராட்சி அதிகாரி பார்த்துச் செய்யும் ஏற்பாடு. வருமானத்தை விசாரிப்பார்கள், குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஓரளவு வசதியுள்ள குடும்பத்துக்கு அங்கே அப்பாவைச் சேர்ப்பது ஊர் வாயில் விழுகிற வேலை.

1973-இல் 70 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவச் சிகிச்சையை இலவசமாக்கினார்கள். இல்லத்தில் சேர்ப்பது அவமானம், ஆஸ்பத்திரியில் சேர்ப்பது கௌரவம், அதுவும் காசில்லாமல் என்றால் குடும்பங்கள் எதைத் தேர்ந்தெடுக்கும்? நோய் எதுவும் தீவிரமாக இல்லாதவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார்கள். படுத்தே இருந்ததால் கால்கள் உண்மையிலேயே நடக்க மறந்தன. ஊசிக்குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டிலோடு கட்டுவதும், டயப்பரில் கைவைக்க முடியாதபடி ஜிப் வைத்த முழு உடுப்பை மாட்டிவிடுவதும் சகஜமாக இருந்தது. செலவோ மருத்துவக் காப்பீட்டை விழுங்கியது. பத்தே வருடத்தில், 1983-இல், இலவசம் முடிவுக்கு வந்தது. கட்டிலில் கிடந்தவர்களை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை.

1989-இல் 'கோல்ட் பிளான்' என்ற பத்து வருடத் திட்டம் போட்டு, வீட்டுக்கு வரும் உதவியாளர்களையும் பகல்நேர மையங்களையும் பெருக்கத் தொடங்கினார்கள். வரிப்பணம் மட்டும் போதாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1995-இல் ஜெர்மனி பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு தொடங்கியிருந்தது. ஜப்பானிய அதிகாரிகள் அதைக் கூர்ந்து படித்தார்கள், ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் வேறு பாதையில் திரும்பினார்கள். ஜெர்மனியில் குடும்பத்தாரே பார்த்துக்கொண்டால் அதற்குப் பணம் கிடைக்கும். ஜப்பானில் கிடையாது, சேவையாக மட்டுமே கிடைக்கும். ஹிகுச்சி கெய்கோவின் பெண்கள் அமைப்பு இதில் பிடிவாதமாக நின்றது. பணம் கொடுத்தால் "இந்தா காசு, நீயே பார்த்துக்கொள்" என்று மருமகளை மறுபடியும் கட்டிலருகே உட்கார வைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். கசப்பான வாதம், ஆனால் வீட்டு நிலவரம் தெரிந்தவர்களின் வாதம்.

சட்டம் 1997 டிசம்பரில் நிறைவேறியது. அமலுக்கு வரச் சில மாதங்களே இருக்கும்போது, 1999-இல், ஆளும் லிபரல் டெமாக்ரடிக் கட்சியின் முக்கியப் புள்ளி காமெய் ஷிசுகா ஒரு குண்டைப் போட்டார். பிள்ளைகள் பெற்றோரைக் கவனிப்பது ஜப்பானின் அழகிய மரபு, அதைக் கெடுக்கலாமா என்று கேட்டார். பெரிய சர்ச்சை ஆனது. கடைசியில் சட்டம் தப்பியது. ஆனால் முதியவர்களிடம் முதல் ஆறு மாதம் பிரீமியம் வாங்குவதில்லை, அடுத்த ஒரு வருடம் பாதி மட்டும் வாங்குவது என்று சமாதானம் செய்துகொண்டார்கள். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால் மரபின் மீது திடீரென்று வந்த அக்கறைக்கு அர்த்தம் புரியும்.

74 கேள்விகள்

திட்டத்தின் கணக்கு எளிமையானது. 40 வயது ஆனதும் எல்லோரும் பிரீமியம் கட்டத் தொடங்க வேண்டும். மொத்தச் செலவில் பாதி இந்தப் பிரீமியம், மறுபாதி மத்திய அரசும் மாகாணமும் நகராட்சியும் பகிர்ந்துகொள்ளும் வரிப்பணம். 65 வயதுக்கு மேல் யாருக்குக் கவனிப்பு தேவைப்பட்டாலும், காரணம் எதுவானாலும், சேவை உண்டு. 40-லிருந்து 64 வரை உள்ளவர்களுக்கு, இளவயது மறதிநோய், முற்றிய புற்றுநோய் என்று வரையறுத்த 16 நோய்களில் ஒன்று இருந்தால் மட்டும். திட்டத்தை நடத்துவது நகராட்சி. ஆகவே பிரீமியமும் ஊருக்கு ஊர் மாறும். 65 தாண்டியவர்கள் கட்டும் தொகை தொடக்கத்தில் நாட்டுச் சராசரியாக மாதம் 2,911 யென். 2024-26 காலத்துக்கு அது 6,225 யென். தனியாக வாழும் ஏழை முதியவர்கள் அதிகமுள்ள ஒசாகா நகரில் 9,249 யென். பெரும்பாலானோருக்கு இது ஓய்வூதியத்திலேயே பிடித்தம் ஆகிவிடும், கையில் வாங்கிக் கட்டும் வேலை இல்லை.

சேவை வேண்டுமென்றால் நகராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார். அவர் கையில் 74 கேள்விகள். படுக்கையில் தானாகப் புரண்டு படுக்க முடிகிறதா? ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா? நகம் வெட்டிக்கொள்ள முடிகிறதா? இப்போது என்ன பருவம் என்று தெரிகிறதா? வெளியே போனால் திரும்பி வரத் தெரிகிறதா? என் பொருளைத் திருடிவிட்டார்கள் என்று சொல்கிறாரா? மருந்தைத் தானே எடுத்துக்கொள்கிறாரா?

இங்கேதான் ஒரு வேடிக்கை எல்லா வீட்டிலும் நடக்கும். முந்தின நாள் வரை நாற்காலியிலிருந்து எழ மாட்டேன் என்ற பாட்டி, ஆய்வாளர் வந்ததும் தலைவாரி, நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் நானேதான் செய்கிறேன் என்பார். வெளியாள் முன்னால் தளர்ந்து காட்டுவது அவருக்குப் பிடிக்காது. பக்கத்தில் மகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அம்மா முன்னால் மறுத்துப் பேச முடியாது. அதனால், உண்மை நிலவரத்தைச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு வாசலில் வழியனுப்பும்போது கொடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்லித்தருவார்கள்.

பதில்களைக் கணினியில் போட்டு முதல் மதிப்பீடு. பிறகு குடும்ப மருத்துவரின் குறிப்பையும் சேர்த்து வல்லுநர் குழு முடிவு செய்யும். விண்ணப்பித்த 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. மொத்தம் ஏழு படிகள்: 'ஆதரவு தேவை' என்று இரண்டு, 'பராமரிப்பு தேவை' என்று ஐந்து. படிக்கு ஏற்ப மாதம் எவ்வளவு மதிப்புள்ள சேவை வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. கீழ்ப்படியில் சுமார் 50,000 யென், மேல்படியில் சுமார் 3,62,000 யென். அதில் பயனாளி கட்டுவது பத்தில் ஒரு பங்கு. வருமானம் அதிகமானவர்கள் 2015-லிருந்து 20 சதவீதமும், இன்னும் அதிகமானவர்கள் 2018-லிருந்து 30 சதவீதமும் கட்டுகிறார்கள்.

வருமானத்தைப் பார்ப்பது கட்டணத்துக்கு மட்டும்தான், தகுதிக்கு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு மகன் இருக்கிறானா, அவன் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்ற கேள்வியே அந்த 74-இல் இல்லை.

காலை ஒன்பது மணி வேன்

படி முடிவானதும் 'கேர் மேனேஜர்' ஒருவர் வருவார். எந்தக் கிழமை யார் வருவது, எந்தக் கட்டிலை வாடகைக்கு எடுப்பது, குளியலறையில் எங்கே கைப்பிடி பொருத்துவது என்று மாதத் திட்டம் போடுவது அவர் வேலை. வீட்டில் இருப்பவர்கள் அவருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. முழுக்கக் காப்பீடே கொடுத்துவிடும். நல்ல கேர் மேனேஜர் அமைந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று குடும்பங்கள் சொல்வதில் மிகை இல்லை.

திட்டத்தில் பெரும்பாலும் முதலில் இடம்பிடிப்பது 'டே சர்வீஸ்'. ஜப்பானில் எந்தக் குடியிருப்புப் பகுதியில் காலை ஒன்பது மணிக்கு நின்றாலும், பக்கவாட்டில் மையத்தின் பெயர் எழுதிய வேன்கள் சந்துகளில் ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். பின்பக்கம் இறங்கும் மேடை வழியாகச் சக்கர நாற்காலியை அப்படியே உள்ளே ஏற்றுவார்கள். மையத்துக்குப் போனதும் ரத்த அழுத்தம், உடல் வெப்பம் பார்ப்பார்கள். பிறகு தேநீர். அப்புறம் குளியல். மதியச் சாப்பாடு, சிறு தூக்கம், உட்கார்ந்தபடியே செய்யும் உடற்பயிற்சி, பாட்டு, மூன்று மணிக்குத் தின்பண்டம், நான்கு மணி வாக்கில் மறுபடி வேன். வீட்டில் இருப்பவருக்கு இந்த ஆறேழு மணி நேரம்தான் கடைக்குப் போக, வேலை பார்க்க, சும்மா உட்கார.

குளியலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானியருக்குக் குளியல் என்றால் கழுத்து வரை வெந்நீரில் அமிழ்ந்திருப்பது. ஆழமான தொட்டியில் கால் தூக்கி இறங்க முடியாத வயதில் இதுதான் பெரிய ஏக்கம், பெரிய ஆபத்தும்கூட. குளிர்காலத்தில் வீட்டுத் தொட்டியில் இறந்துபோகும் முதியவர்கள் ஏராளம். அதனால் பலர் டே சர்வீஸுக்குப் போவதே குளிக்கத்தான். படுக்கையை விட்டு எழவே முடியாதவருக்கு வீட்டுக்கே தொட்டி வரும். ஒரு நர்ஸ், இரண்டு பராமரிப்பாளர்கள், வேனில் பிரித்து அடுக்கிய தொட்டி. கட்டில் பக்கத்தில் பாய் விரித்து, தொட்டியைப் பூட்டி, வேனிலிருந்து குழாய் இழுத்து வெந்நீர் நிரப்பி, வலை போன்ற தாங்கியில் அவரைக் கிடத்தி மெல்ல இறக்குவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வீட்டுக்கு வரும் ஹோம் ஹெல்பருக்கு எல்லை கறாரானது. தாத்தாவுக்குச் சமைக்கலாம், அதே அடுப்பில் மகனுக்கும் சேர்த்துச் சமைக்கக் கூடாது. அவர் அறையைக் கூட்டலாம், தோட்டத்தில் களை பிடுங்கக் கூடாது. நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது. காப்பீட்டுப் பணம் ஒருவருக்கானது, வீட்டுக்கானது அல்ல என்பது தர்க்கம். தர்க்கம் சரிதான். ஆனால் தனியாக வாழும் கிழவிக்கு அந்த நாய்தான் குடும்பம் என்றால் ஹெல்பர் என்ன செய்வார் என்பது விதிப்புத்தகத்தில் எழுதியிருக்காது.

கட்டில் கிடைக்குமா?

இல்லங்களின் வகைகள் குழப்பும் அளவுக்கு அதிகம். மக்கள் எல்லோரும் கேட்பது தொகுயோவை. கட்டணம் குறைவு, கடைசி வரை இருக்கலாம். மேல்படியில் இருப்பவர் நான்கு கட்டில் போட்ட அறையில் தங்கினால் சாப்பாடு உட்பட மாதம் ஒரு லட்சம் யென் அளவில் ஆகும். தனியறை என்றால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சுற்றி. வருமானம் குறைந்தவர்களுக்குத் தங்கும் செலவிலும் சாப்பாட்டிலும் சலுகை உண்டு. 2014-இல் வெளியான கணக்கில் காத்திருப்போர் 5,24,000 பேர். அடுத்த வருடமே, 'பராமரிப்பு தேவை' மூன்றாம் படியிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே பொதுவாக இடம் என்று விதியை இறுக்கினார்கள். வரிசை சட்டென்று குறைந்தது. 2022-இல் எடுத்த கணக்கில் சுமார் 2,53,000. இதில் எவ்வளவு உண்மையான முன்னேற்றம், எவ்வளவு வாசலை உயர்த்தியதால் வந்த குறைவு என்று யோசித்துப் பார்க்கலாம்.

'ரோகென்' என்பது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள இடம். உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுத்து, வீட்டுக்குத் திரும்பலாமா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். மறதிநோய் உள்ளவர்களுக்கு ஒன்பது பேர் வரை ஒரு வீடாகச் சேர்ந்து வாழும் 'குரூப் ஹோம்' இருக்கிறது. அங்கே அரிசி கழுவுவதும் துணி மடிப்பதும் அவர்களே. தனியார் இல்லங்களில் நுழைவுக் கட்டணமே கேட்காதவையும் உண்டு, கோடிக்கணக்கான யென் கேட்பவையும் உண்டு. தோயாமா மாகாணத்தில் வேறொரு மாதிரி வளர்ந்தது. 1993-இல் அங்கே மூன்று நர்ஸுகள் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, முதியவர், குழந்தை, மாற்றுத்திறனாளி எல்லோரும் ஒரே கூடத்தில் பகல் பொழுதைக் கழிக்கும் வீடு ஒன்றைத் திறந்தார்கள். அன்றைய விதிகளின்படி மூன்று பேருக்கும் மூன்று துறை, மூன்று மானியம், மூன்று கட்டடம். அதிகாரிகளுக்கு இது எந்தக் கோப்பில் போகும் என்றே தெரியவில்லை. பின்னர் விதிகள்தான் வளைந்து கொடுத்தன. இன்று 'தோயாமா முறை' என்று நாடு முழுக்கத் தெரியும்.

இல்லங்களுக்குள் நடந்த மாற்றத்தில் நான் பெரிதாக நினைப்பது கட்டடங்களை அல்ல, முதியவர்களைக் கட்டிவைப்பதை நிறுத்தியதை. 1998-இல் ஃபுகுஓகாவில் பத்து ஆஸ்பத்திரிகள் கூடி, நோயாளிகளைக் கட்டிவைப்பதை விடுகிறோம் என்று பகிரங்கமாக அறிவித்தன. 2000-இல் காப்பீடு வந்தபோது அது இல்லங்களுக்குச் சட்ட விதியாகவே ஆனது. உயிருக்கு ஆபத்து, வேறு வழியில்லை, தற்காலிகம் என்ற மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் விலக்கு, அதையும் எழுதிவைக்க வேண்டும். ஊழியர்களின் மனநிலை ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் கட்டக் கூடாது என்றானதும், இவர் ஏன் குழாயைப் பிடுங்குகிறார், குழாய் தேவைதானா, வாயால் சாப்பிட வைக்க முடியாதா என்று யோசிக்கும் கட்டாயம் வந்தது.

சாப்பாட்டில் இறங்கிய கவனம் அதன் தொடர்ச்சிதான். விழுங்கும் திறன் குறைந்தவருக்குத் தண்ணீரே எமன். மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவாகிவிடும். அதனால் தேநீரிலும் சூப்பிலும் கெட்டிப்படுத்தும் தூளைக் கலந்து தேன் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். கடையில் விற்கும் மென்மையான உணவுப் பொட்டலங்களிலேயே எளிதாக மெல்லலாம், ஈறால் நசுக்கலாம், நாக்கால் நசுக்கலாம், மெல்லவே வேண்டாம் என்று நான்கு தரம் அச்சிட்டிருக்கும். மீனை அரைத்து மீண்டும் மீன் துண்டு வடிவத்திலேயே வார்த்துத் தட்டில் வைக்கும் சமையலறைகள் உண்டு. கூழாகக் கொடுத்தாலும் சத்து அதேதான். ஆனால் தட்டைப் பார்த்து இது என்ன மீன் என்று கேட்கத் தோன்றுகிறவர் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார்.

ஓபு நிலையத்தில் ஒரு மாலை

2007 டிசம்பரில் ஐச்சி மாகாணத்தின் ஓபு நகரில் 91 வயது மறதிநோயாளி ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறினார். பராமரிப்பு நான்காம் படியில் இருந்தவர். கூட இருந்த 85 வயது மனைவியும் பராமரிப்புச் சான்று பெற்றவர். சற்றே கண் அயர்ந்துவிட்டார். மருமகள் மாமனாரைக் கவனிப்பதற்காகவே யோகோஹாமாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். அந்த நேரம் வேறு வேலையாக இருந்தார். முதியவர் ரயில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கி, நடைமேடை ஓரத்திலிருந்து தண்டவாளத்துக்குள் போய், ரயில் மோதி இறந்தார்.

ரயில்வே நிறுவனமான ஜேஆர் தோகாய், தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டம் என்று சுமார் 72 லட்சம் யென் கேட்டு அந்தக் குடும்பத்தின் மீதே வழக்குப் போட்டது. 2013-இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் மனைவியும் மூத்த மகனும் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் மனைவி மட்டும் பாதி கட்டினால் போதும் என்றானது. நாடே கொதித்தது. 85 வயதுக் கிழவி தூங்கியது குற்றமென்றால், இனி அறையைப் பூட்டி வைப்பதுதானே ஒரே வழி? 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளையும் தள்ளுபடி செய்தது. மனைவி என்பதாலோ மகன் என்பதாலோ கண்காணிக்கும் சட்டப் பொறுப்பு தானாக வந்துவிடாது என்றது.

தீர்ப்பு குடும்பத்தை விடுவித்தது. ஆனால் அப்படியானால் நஷ்டம் யாருடையது? அதற்கு நகராட்சிகள் பதில் தேடின. 2017-இல் கானகாவா மாகாணத்தின் யமாதோ நகரம் மறதிநோயாளிகளுக்காகத் தானே விபத்துக் காப்பீடு எடுத்தது. கோபே நகரம் 2019-இல் ஒரு படி மேலே போய், வரி கட்டும் குடிமக்கள் ஒவ்வொருவரிடமும் வருடத்துக்கு 400 யென் கூடுதலாக வசூலித்து, இலவசப் பரிசோதனையும் விபத்து நிவாரணமும் கொடுக்கத் தொடங்கியது. ஒரு ஊரே சேர்ந்து சிறு தொகை போட்டு இந்த அபாயத்தைச் சுமப்பது எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. தேவை குறையவில்லை, 2023-இல் மறதிநோயால் காணாமல் போனதாகக் காவல்துறைக்கு வந்த புகார்கள் மட்டும் 19,039.

ஆள் எங்கே?

2024 செப்டம்பர் கணக்கில் ஜப்பானியரில் 29.3 சதவீதம் பேர் 65 வயது தாண்டியவர்கள். நூறு வயது தாண்டியவர்கள் 1963-இல் 153 பேர், 2024-இல் 95,119. நூறாம் வயதில் அரசு கொடுக்கும் வெள்ளிக் கிண்ணத்தைக்கூடச் செலவு தாங்காமல் 2016-இல் வெள்ளி முலாமாக மாற்றிவிட்டார்கள். பராமரிப்புச் சான்று பெற்றவர்கள் 2000-இல் சுமார் 22 லட்சம். இப்போது 70 லட்சத்தைத் தாண்டிவிட்டது. செலவு வருடத்துக்கு 11 லட்சம் கோடி யென்னுக்கு மேல்.

பணத்தையாவது வரியாலும் பிரீமியத்தாலும் இழுத்துப் பிடிக்கலாம். ஆளை என்ன செய்வது? சுகாதார, தொழிலாளர் நல அமைச்சகத்தின் கணிப்புப்படி 2022-இல் இருந்த பராமரிப்பு ஊழியர்கள் சுமார் 21.5 லட்சம், 2040-இல் தேவைப்படுவது 27.2 லட்சம். அதாவது இன்னும் 5.7 லட்சம் பேர் வேண்டும். பிள்ளைகளே பிறக்காத நாட்டில் அது மலைப்பான எண். சம்பளம் மற்ற துறைகளின் சராசரியைவிட மாதம் சுமார் 80,000 யென் குறைவு. காரணம் ரகசியமில்லை. கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. வழக்கமாக மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் திருத்தம். உரிமையாளர் நினைத்தாலும் விலையை ஏற்றிச் சம்பளம் கொடுக்க முடியாது.

வீட்டுக்குப் போகும் ஹெல்பர் நிலைமை இன்னும் மோசம். 2022 நிதியாண்டில் வேலை தேடி வந்த ஒருவருக்கு 15 வேலைகள் காத்திருந்தன. இருப்பவர்களின் சராசரி வயதே ஐம்பதைத் தாண்டிவிட்டது. எழுபது வயது ஹெல்பர் எண்பது வயதுக்காரரைக் குளிப்பாட்டப் போவதெல்லாம் சாதாரணம். இந்த நிலையில் 2024 ஏப்ரல் திருத்தத்தில் வீட்டுச் சேவைக்கான அடிப்படைக் கட்டணத்தை அரசு குறைத்தது. லாப விகிதம் நன்றாக இருக்கிறது என்று புள்ளிவிவரம் காட்டியதாம். அந்தச் சராசரியை உயர்த்தியது, ஒரே கட்டடத்தில் இருக்கும் முதியவர்களை வரிசையாகப் பார்த்துவிட்டுப் போகும் நிறுவனங்கள். மலைக்கிராமத்தில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அரை மணி நேரம் வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த லாபம் எங்கிருந்து வரும்? 2024-இல் திவாலான பராமரிப்பு நிறுவனங்கள் 172, அதுவரை இல்லாத எண்ணிக்கை. அவற்றில் பாதிக்கு நெருக்கமானவை வீட்டுச் சேவை நிறுவனங்கள். இதை மோசமான முடிவு என்று சொல்லத் தயக்கம் தேவையில்லை. வீட்டிலேயே கடைசி வரை வாழுங்கள் என்று இருபது வருடமாகச் சொல்லிவந்த அரசு, அதற்கான காலையே தட்டிவிட்டது.

ரோபோ? 2015-இல் ரிகென் ஆய்வு நிறுவனம் கரடி முகம் வைத்த, ஆளைத் தூக்கும் இயந்திரத்தைக் காட்டியபோது உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. அது எந்த இல்லத்துக்கும் வேலைக்குப் போகவில்லை. சீல் குட்டி வடிவப் 'பாரோ' சிலரை அமைதிப்படுத்துகிறது, உண்மைதான். நடைமுறையில் ஊழியரின் இடுப்பைக் காப்பாற்றுவது மாற்றுக் கட்டிலுக்கு நகர்த்தும் எளிய தூக்கிகளும் வழுக்குப் பலகைகளும்தான். மெத்தைக்கடியில் வைத்து மூச்சையும் புரளுவதையும் அளக்கும் உணரிகளும் உதவுகின்றன. இருபது பேருக்கு ஒருவர் என்று இரவுப்பணி பார்க்கும் இடத்தில், யார் விழித்திருக்கிறார் என்று திரையில் தெரிவது பெரிய விஷயம்.

வெளிநாட்டு ஊழியர்களை ஜப்பான் அழைத்த விதத்தில் தயக்கம் அப்பட்டமாகத் தெரியும். 2008-இல் இந்தோனேசியா, 2009-இல் பிலிப்பைன்ஸ், 2014-இல் வியட்நாம் என்று ஒப்பந்தம் போட்டு வரவழைத்தார்கள். ஆனால் நான்கு வருடத்துக்குள் ஜப்பானிய மொழியில் தேசியத் தேர்வு எழுதித் தேற வேண்டும். படுக்கைப்புண் என்பதற்கான எழுத்துகளைப் பார்த்து ஜப்பானியரே தடுமாறுவார்கள். பிறகு உச்சரிப்பைப் பக்கத்தில் அச்சிட்டு, தேர்வு நேரத்தையும் கூட்டினார்கள். 2017-இல் தொழிற்பயிற்சித் திட்டத்தில் பராமரிப்பும் சேர்ந்தது. 2019-இல் 'குறிப்பிட்ட திறன்' விசா வந்தபின் கதவு ஓரளவு திறந்தது; 2024 இறுதியில் அந்த விசாவில் மட்டும் 44,000-க்கும் மேற்பட்டோர் இந்தத் துறையில் இருந்தார்கள். மியான்மர், நேபாளத்திலிருந்து வருவோர் பெருகுகிறார்கள். இந்தியாவுடனும் 2021-இல் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, ஆனால் பெரிய அளவில் ஆள் போகவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து தொழிற்பயிற்சியிலும் 'குறிப்பிட்ட திறன்' விசாவிலும் வந்தவர்கள் வீட்டுச் சேவைக்கும் போகலாம். யாரும் பார்க்காத வீட்டுக்குள் மொழி தெரியாதவரை எப்படித் தனியாக அனுப்புவது என்று அதுவரை தடுத்து வைத்திருந்தார்கள். யென்னின் மதிப்பு சரிந்திருக்கும் காலத்தில் அவர்கள் தைவானையோ ஜெர்மனியையோ விட்டு ஜப்பானுக்கு வருவார்களா என்பது தனிக் கவலை.

மறுபடியும் வீட்டுக்கு

சேவை கிடைக்காத இடத்தில் வேலை யாரிடம் போகும்? மருமகளிடம் இல்லை. இந்த முறை மனைவியிடம், கணவனிடம், மணமாகாத மகனிடம், மகளிடம். 2022 கணக்குப்படி, வீட்டோடு இருந்து கவனிக்கும் குடும்பங்களில் 63.5 சதவீதத்தில் பார்ப்பவரும் 65 தாண்டியவர், பார்க்கப்படுபவரும் 65 தாண்டியவர். மூன்றில் ஒன்றுக்கு மேல் இருவருமே 75 தாண்டியவர்கள். வேலையில் இருப்பவர்களில் வருடத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் குடும்பத்தாரைக் கவனிப்பதற்காக வேலையை விடுகிறார்கள். சட்டப்படி ஒரு குடும்ப உறுப்பினருக்கு 93 நாள் விடுப்பு உண்டு, மூன்று தவணையாக எடுக்கலாம், சம்பளத்தில் 67 சதவீதம் கிடைக்கும். அந்த 93 நாள், உட்கார்ந்து கவனிப்பதற்கு அல்ல, கேர் மேனேஜரைப் பிடித்து ஏற்பாடு செய்வதற்கு என்பதுதான் அரசின் எண்ணம். ஏற்பாடு செய்ய ஆளில்லாத ஊரில் 94-ஆம் நாள் ராஜினாமாக் கடிதம்தான்.

குடும்பமே இல்லாதவர்கள் இன்னொரு பக்கம். 2024-இல் தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்து கிடந்தவர்கள் என்று தேசியக் காவல்துறை எண்ணியது 76,020 பேரை. அதில் 58,044 பேர் 65 தாண்டியவர்கள். இல்லத்தில் சேரவும் ஆஸ்பத்திரியில் படுக்கவும் பெரும்பாலான இடங்களில் உத்தரவாதக் கையெழுத்து கேட்பார்கள். போட ஆளில்லாதவர்களுக்காகக் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் நிறுவனங்களே ஒரு தொழிலாக முளைத்துவிட்டன. குடும்பத்தைக் கேட்காமல் சேவை கொடுப்பேன் என்று எழுதிய திட்டத்தின் வாசலில் இன்னும் குடும்பத்தைக் கேட்கிறார்கள்.

போருக்குப் பின் 1947-லிருந்து 1949 வரை பிறந்த பெரும் தலைமுறை முழுவதும் 2025-க்குள் 75 வயதை எட்டிவிட்டது. அவர்கள் 85-ஐ நெருங்கும்போதுதான் உண்மையான நெருக்கடி. 2024 திருத்தத்துக்கு முன் மூன்று யோசனைகள் மேசையில் இருந்தன: 20 சதவீதம் கட்டுவோரின் வட்டத்தை விரிப்பது, கேர் மேனேஜர் திட்டத்துக்குக் கட்டணம் வாங்குவது, 'பராமரிப்பு தேவை' முதல் இரண்டு படியில் உள்ளவர்களின் வீட்டு வேலை உதவியைக் காப்பீட்டிலிருந்து எடுத்து நகராட்சிகளிடம் தள்ளிவிடுவது. மூன்றுக்கும் எதிர்ப்பு கிளம்பி, 2027 திருத்தத்துக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். இதில் கடைசி யோசனை நடந்தால் முதலில் அடிபடுவது, வாரம் இரண்டு முறை யாராவது வந்து சமைத்துக் கூட்டிவிட்டுப் போவதால் இன்னும் சொந்த வீட்டிலேயே இருக்க முடிகிறவர்கள்.